மிருதங்கம் விலகிய மேடை
(‘சக்தி’ இசைக்குழு பற்றிய ஒரு திறனாய்வு)

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பயின்றவர்கள் அங்கே ஒரு வாத்தியக் குழு அமர்ந்திருப்பதை மறந்திருக்க மாட்டார்கள். குழல் முன்னே செல்ல, யாழ் அதனைத் தொடர, யாழைத் தண்ணுமை தொடர, தண்ணுமைக்குப் பின் முழவு நிற்க, ஆமந்திரிகை முழவோடு கூடி ஒலித்தது என்று இளங்கோவடிகள் ஒரு வரிசையையே அமைத்துக் காட்டுகிறார். ஆமந்திரிகை என்பது இடக்கை என்னும் வாத்தியம் என்பர் உரையாளர். அரங்கேற்றம் நிகழ்ந்த ஊரோ புகார், கடற்கரைப் பட்டினம், மொழி வேறுபட்ட பல நாட்டார் கலந்து இனிது உறைந்த நகரம். நகரம் பன்மொழி நகரமாக இருந்ததே தவிர, மேடையும் அவ்வாறே இருந்தது என்று நூல் கூறவில்லை. மேடையில் இருந்தது ஓர் ஒழுங்கு. எவர் முன், எவர் பின் என்ற முறை. இந்த முறையை மனத்தில் கொண்டு நாம் இருபதாம் நூற்றாண்டின் வேறொரு கடற்கரை ஊருக்குச் செல்வோம்.

அமெரிக்காவில் நியூயார்க்கை அடுத்துள்ள லாங் ஐலண்டு என்னும் தீவின் கிழக்குப் பகுதியில், அட்லாண்டிக் கரையில், சவுத்ஹாம்ப்டன் என்றோர் ஊர் இருக்கிறது. கோடையில் செல்வர்கள் ஓய்வுக்காக வந்து தங்கும் இடம். அவ்வூர்க் கல்லூரியில் 1975ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 5ஆம் நாள் ஐவர் சம்மணமிட்டு அமர்ந்து வாசித்தனர். கிதார் வாசித்தவர் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் 1942இல் பிறந்த ஜான் மெக்லாக்லின். வயலின் எல். சங்கர், யாழ்ப்பாணத்தில் இசையாசிரியராக விளங்கிய வி. லட்சுமிநாராயணாவின் மைந்தர். தபலா பம்பாயின் ஜாகிர் உசேன். மிருதங்கம் இராமநாதபுரம் இராகவன். கடம் தே. ஹ. விநாயக்ராம். அன்று பதிவான வாசிப்பே ‘சக்தி’ என்ற பெயரில் 1976இல் இசைத்தட்டாக வெளிவந்தது. யார்க்‌ஷயர், யாழ்ப்பாணம், பம்பாய், இராமநாதபுரம், சென்னை ஆகிய இவ்வளவும் ஒரு சிறு மேடையில். நம்மைப் போலப் பிறந்த மண் ஒன்று, பிழைக்கும் மண் வேறு என்று வாழ்வோர்க்கு இந்தக் குழுவின் மேல் ஒரு தனிப்பட்ட அக்கறை பிறப்பது இயல்பே. அக்கறை இருப்பதனாலேயே அதனை அளந்து பார்க்கவும் வேண்டியிருக்கிறது.

மேல்நாட்டார் ‘சேம்பர் மியூசிக்’ என்று ஒன்றைப் போற்றுவர். அறையிசை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே ஒரு கலைஞர். கோல் பிடித்து நடத்துவார் எவருமில்லை. கேட்பவர் கைக்கெட்டும் தொலைவில் இருப்பர். இந்த இலக்கணத்தை வைத்துப் பார்த்தால் நம் கருநாடக இசைக் கச்சேரியும் அறையிசையே. மாளிகைக் கூடத்திலும், கல்யாணப் பந்தலிலும், அக்கிரகாரத்துத் திண்ணையோரத்திலும் வளர்ந்த கலை அது. ஒலிபெருக்கி வந்த பிறகே அது மண்டபத்து இசையாயிற்று. பாலக்காட்டு மணி ஐயர் (1912–1981) ஒலிபெருக்கியை விரும்பாதவர் என்பது இசையுலகம் அறிந்த செய்தி. தோலின் மேல் விரல் படும்போது எழும் கார்வை கம்பி வழியே சென்றால் கெட்டுவிடும் என்ற எண்ணத்தை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. கல்பாத்தித் தேர்த்திருவிழாவை ஒட்டி நடைபெறும் இசை விழாவில் கூட்டம் நிரம்பி வழியும் நாட்களில் பின்வரிசையில் நின்று கேட்டவர்க்கு அவர் கூறியதன் பொருள் விளங்கும்.

இங்கே பாலக்காட்டைப் பற்றிச் சிறிது விரித்துரைக்க வேண்டும். சக்தி குழுவைப் பற்றி எழுதுவோர் பலரும் கிழக்கும் மேற்கும் முதன்முதலாகக் கைகோத்தன என்று எழுதுகின்றனர். கைகோத்தல் என்பது நம் எல்லைப்புறத்தில் அன்றாடக் காரியம். மலைத்தொடர் இடைவெளி விட்ட கணவாய் இது. காற்றும் வரும், மனிதரும் வருவர். திருவில்வாமலையைச் சேர்ந்த வெங்கிச்சன் சுவாமி என்னும் வேங்கடேசுவர ஐயர் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். மத்தளத்தைக் கற்று, அன்னமனட அச்சுத மாரார் முதலிய மலையாளக் கலைஞரோடு சேர்ந்து, இன்று கேரளத்துக் கோயில்களில் ஒலிக்கும் பஞ்சவாத்தியத்திற்கு இன்றைய வடிவம் அமைத்தவர்களுள் ஒருவரானார். திமிலை, மத்தளம், இடைக்கா, இலைத்தாளம், கொம்பு என ஐந்து கருவிகள். இவற்றுள் இடைக்காவைக் காணுந்தோறும் நமக்கு அரங்கேற்று காதையின் இடக்கை நினைவுக்கு வரும். தமிழகத்துக் கச்சேரி மேடையில் இடம்பெறாத ஒரு கருவி மலைக்கு மேற்கே உயிரோடிருக்கிறது. மணி ஐயரும் திருவில்வாமலைப் பகுதியில் பிறந்தவரே. அவருடைய மிருதங்க நடையில் செண்டையின் சாயல் உண்டென்று கேட்டறிந்தோர் கூறுவர். தமிழ்க் கருவி மலையாளக் காற்றை உட்கொண்டது. மலையாள வாத்தியக் குழு தமிழ்க் கையால் ஒழுங்கு பெற்றது. இவற்றுக்கு எவரும் ‘கலப்பு இசை’ என்று பெயர் சூட்டவில்லை. அருகருகே வாழ்ந்தவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டார்கள், அவ்வளவே.

ஆகவே சக்தியை மதிப்பிடும்போது, வேற்றுமண்ணார் ஒன்று கூடினர் என்பதனாலேயே பாராட்டுவதற்கில்லை. கூடியவர்கள் என்ன செய்தனர்?

1965ஆம் ஆண்டில் எடின்பரோ விழாவுக்குச் சென்ற கச்சேரியை இங்கே ஒப்பிடுவது பொருத்தம். பாடியவர் பாலக்காடு கே. வி. நாராயணசாமி. வயலின் லால்குடி ஜெயராமன். மிருதங்கம் மணி ஐயர். அது நம் கச்சேரியை அப்படியே எடுத்துச் சென்று அயலார் முன் வைத்தது. அவர்கள் கேட்டனர், வியந்தனர். பத்தாண்டு கழித்துச் சவுத்ஹாம்ப்டனில் நிகழ்ந்தது வேறு. அங்கே மேல்நாட்டார் ஒருவர் மேடையிலேயே அமர்ந்து தம் பங்கையும் சொன்னார். கோப்புகளோடு காலம் கழிக்கும் நமக்கு இது எளிதில் விளங்குகிறது. ஒரு கோப்பை ‘பார்வைக்கு’ என்று அனுப்புவது ஒன்று. ‘கருத்துரைக்கு’ என்று அனுப்புவது மற்றொன்று. முன்னதில் கையொப்பம் வரும். பின்னதில் திருத்தம் வரும்.

மெக்லாக்லின் சும்மா வந்து அமர்ந்துவிடவில்லை. வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றார். மைல்ஸ் டேவிஸ் என்னும் பெரும் ஜாஸ் கலைஞரோடு வாசித்து, மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற பெயரில் மின்கருவிக் குழு நடத்திப் புகழின் உச்சியில் இருந்தவர், அந்தப் பேரொலியை விட்டுத் தரையில் அமர்ந்து கமகம் கற்றார் என்பது சிறிய செய்தியன்று. கிதாரில் கமகம் வாராது. வீணையில் மெட்டுகளுக்கு நடுவே தந்தி இழுபட இடமிருக்கிறது. கிதாரின் கழுத்தில் மரம் தட்டையாகக் கிடக்கிறது. ஆகவே அவர் தமக்கெனச் செய்வித்த கிதாரில் மெட்டுகளுக்கு இடைப்பட்ட மரத்தைக் குழிவாகக் குடைந்தெடுக்கச் செய்தார். வாசிக்கும் தந்திகளுக்குக் குறுக்கே சுருதி ஒலிக்கும் தனித் தந்திகளையும் பூட்டச் செய்தார்.

நம் சங்க மேடைகளில் இதனைச் சொல்லும்போது, “மேலைநாடே நம் இசைக்குத் தலைவணங்கிற்று” என்று முடிப்பது வழக்கம், கைத்தட்டலும் கிடைக்கும். பாதி உண்மைதான். கிதார் குழிந்தது மெய்யே. ஆனால் மறுபுறத்தில் நம் கச்சேரி முறையும் வளைந்தது. அந்த வளைவை எவரும் மேடையில் சொல்வதில்லை.

முதல் இசைத்தட்டில் ‘ஜாய்’ என்ற உருப்படியைக் கேட்பவர்க்கு முதலில் தோன்றுவது வியப்பு. வயலினும் கிதாரும் ஒரே சொற்கட்டை மின்னல் வேகத்தில் ஒருமித்து வாசிக்கின்றன. ஒரு விரல் கூடப் பிசகவில்லை. அடுத்து வரும் ‘லோட்டஸ் ஃபீட்’ அமைதியானது, சிறியது, நமக்கு மிக உகந்தது. மூன்றாவது உருப்படி ஏறத்தாழ அரை மணி நேரம் நீள்வது. இதில் மிருதங்கமும் தபலாவும் கடமும் ஒருங்கே ஒலிக்கின்றன. வடக்கும் தெற்கும் ஒரே தாளத்தில் உரையாடுவதைக் கேட்கும்போது, இத்தனை காலம் இவர்களைத் தனித்தனி அறையில் உட்கார வைத்தவர் யாவர் என்று கேட்கத் தோன்றுகிறது.

இரண்டாம் இசைத்தட்டை இலண்டனில் பதிவு செய்தபோது இராகவன் குழுவில் இல்லை. 1977இல் ஜெனீவாவில் பதிவு செய்த மூன்றாவதிலும் இல்லை. குழு நால்வராகச் சுருங்கிவிட்டது. பாலக்காட்டு மண்ணில் வாழும் நமக்கு இந்த இடம்தான் உறுத்துகிறது. கச்சேரியின் முதுகெலும்பு என்று நாம் கருதும் மிருதங்கம் இல்லாமலே, நம் இசையை உலகெங்கும் எடுத்துச் சென்றதாகக் கூறப்படும் குழு தன் புகழின் பெரும்பகுதியை ஈட்டியிருக்கிறது!

இதனை இழப்பு என்று மட்டும் நாம் கருதவில்லை. மிருதங்கம் விலகிய இடத்தில் கடம் வந்து அமர்ந்தது. கச்சேரி வழக்கில் கடம் உபபக்கவாத்தியம். மிருதங்கக்காரர் வாசித்து முடித்துக் கண் காட்டினால் மட்டுமே அதற்கு வாய் திறக்கும். தனியாவர்த்தனத்தில் முந்தியவர் விட்டுவைத்ததை எடுத்து வாசிக்க வேண்டும். இளங்கோவடிகளின் வரிசையில் கடைசியில் நிற்கும் கருவியைப் போன்ற நிலை. சக்தியில் விநாயக்ராமுக்கு முன்னால் நிற்பார் எவருமில்லை. ஜாகிர் உசேன் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம்; கேள்வியை எவர் வேண்டுமானாலும் தொடங்கலாம். மானாமதுரை மண்ணில் வனைந்து சுட்ட பானை, வட இந்தியாவின் மிகச் சிறந்த தபலாவுக்குச் சரியாசனத்தில் அமர்ந்து விடை சொல்லிற்று. மண்பானையின் வயிற்றிலும் கழுத்திலும் வாயிலும் இத்தனை நிறங்கள் இருப்பதை நம்மவர் பலர் அந்தத் தட்டுகளின் வழியாகவே அறிந்தோம். நம் மேடை மரபு அந்தக் கருவிக்குத் தராத இடத்தை அயல்மேடை தந்தது என்று எழுதும்போது கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது. ஆயினும் உண்மை அதுவே. அதே தட்டுகளில் கொன்னக்கோலுக்குக் கிடைத்த முதன்மையும் இத்தகையது. இரண்டாம் தட்டு தொடங்குவதே வாயால் சொல்லும் சொற்கட்டுகளில்தான்.

இனிக் குறைகளுக்கு வருவோம். முதற்குறை வேகம். சக்தியின் பெரும்பாலான உருப்படிகள் ஓட்டப் பந்தயம் போல முடிகின்றன. சவுக்க காலத்தில் நின்று, ஒரு சுரத்தின் மேல் தங்கி, அதன் நிழலையும் காட்டும் பொறுமை குறைவு. நம் பெரியோர் ஒரு பல்லவியைக் கொண்டு ஒரு மாலைப் பொழுதையே நிரப்பினார்கள். இங்கே மூச்சு வாங்குவதற்குள் அடுத்த முத்தாய்ப்பு வந்துவிடுகிறது. அயல்நாட்டு அவையினர் கைதட்டும் இடத்தை அறிந்து வாசிக்கும் பழக்கம் எந்தக் கலைஞரையும் விடுவதில்லை போலும். விதிவிலக்காக இரண்டாம் தட்டில் ‘இந்தியா’ என்ற உருப்படி உண்டு. மெல்லத் தொடங்கி, அவசரமின்றி விரியும். மற்றவையும் இவ்வாறு அமைந்திருக்கக் கூடாதா என்ற ஏக்கத்தை அது உண்டாக்குகிறது. மூன்றாம் தட்டில் உருப்படிகள் குறுகின. வானொலிக்கு ஏற்ற அளவு என்று சொல்லலாம். நயம் இருந்தது, ஆழம் குன்றிற்று.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. அந்த மூன்று தட்டுகளிலும் கொன்னக்கோல் உண்டு; சொல் இல்லை. சாகித்தியம் இன்றி நம் இசை முழுமையாகுமா? வாத்திய இசைக்குத் தனி மதிப்பு உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் நம் வயலினும் குழலும் வீணையும் சொல்லை உள்ளுக்குள் பாடிக்கொண்டே வாசிப்பவை. கேட்பவரும் மனத்துள் அச்சொல்லைச் சேர்த்தே கேட்பர். சொல் அகன்றால் அயலார்க்குக் கதவு திறக்கிறது. நமக்கோ ஒரு சாளரம் மூடுகிறது. பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் படித்து, வீட்டில் மட்டும் தமிழ் கேட்டு வளரும் பிள்ளைகளைப் பெற்ற நமக்கு இது கலை நுணுக்கம் பற்றிய வினா மட்டும் அன்று. சித்தூர் வட்டத்திலும் கொழிஞ்சாம்பாறையிலும் பாட்டு வகுப்புக்குச் செல்லும் சிறுமி ஒருத்தி சுரத்தைப் பிழையின்றிப் பாடுகிறாள். பாட்டின் பொருள் கேட்டால் விழிக்கிறாள். அவளுக்குச் சக்தியின் இசை உவப்பாக இருப்பதில் வியப்பில்லை. உவப்பாக இருப்பதுதான் நமக்கு அச்சம் தருகிறது.

மூன்றாவதாக நாம் கூறப்போவது குறையா, சக்தியின் மேல் சுமத்தத் தகாத பொறுப்பா என்பதை வாசக அன்பர்களே முடிவு செய்க. பாலக்காட்டிலிருந்து தெற்கே சென்றால் இடுக்கி மலைகள். மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, வண்டிப்பெரியாறு என எங்கும் தேயிலை. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரச் சீமைகளிலிருந்து கங்காணிமார் அழைத்து வந்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள் அங்கே தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறிக்கின்றனர். அவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்குப் பெயர் லயம். இசையில் லயம் என்றால் ஒன்று. தோட்டத்தில் லயம் என்றால் வேறு. மாரியம்மன் திருவிழா வந்துவிட்டால் இரண்டு லயமும் ஒன்றாகிவிடும். தப்பும் உறுமியும் முழங்க, மலை முழுதும் எதிரொலிக்கும். இராமநாதபுரச் சீமையிலிருந்து புறப்பட்ட ஒரு மிருதங்கம் அமெரிக்கக் கடற்கரை வரை சென்றது. அதே சீமையிலிருந்து புறப்பட்ட தப்பு தேயிலை மலையோடு நின்றது. காரணம் தாளத்தில் இல்லை. தாள நுட்பம் தப்பிலும் உண்டு என்பதைப் பக்கத்தில் நின்று கேட்டவர் அறிவர். காரணம் எவர் கையில் எந்தத் தோல் இருக்கலாம் என்ற நம் ஊர்க் கணக்கில் இருக்கிறது.

அந்தக் கணக்கின் மறுபக்கம் இன்னும் வினோதமானது. மிருதங்கத்தின் தோலைப் பதப்படுத்தி, வார் இழுத்து, சுருதிக்குக் கொண்டுவரும் கைகள் மேடைக்கு வருவதேயில்லை. மணி ஐயரின் மிருதங்கங்களுக்காக உழைத்த பர்லாந்து என்னும் கலைஞரைப் பற்றியும், அவர் குடும்பத்தைப் பற்றியும் டி. எம். கிருஷ்ணா 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்னும் நூல் விரிவாகப் பேசுகிறது. அதைப் படித்த பிறகு பாலக்காட்டு பாணி என்று நாம் பெருமையோடு சொல்லும் நாதத்தில் எவரெவர் பங்கு உண்டு என்பதைப் புதிதாக எண்ண வேண்டியதாயிற்று. கடலுக்கு அப்பால் வாழ்பவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்ட நம் இசை, கருவி செய்து கொடுத்தவரை அமர்த்திக்கொள்ளவில்லை. சக்தியின் நால்வரைக் குற்றம் சொல்வதற்காக இதனை எழுதவில்லை. பல்லின மேடை என்ற புகழ்மொழியைக் கேட்கும்போதெல்லாம் அந்த ‘பல்’ எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கேட்கும் உரிமை எல்லைப்புறத்துத் தமிழனுக்கு உண்டு என்பதற்காகவே எழுதுகிறோம்.

சக்தியின் பிற்காலம் தனிக் கதை. 1970களின் இறுதியில் கலைந்த குழு 1997இல் ‘ரிமெம்பர் சக்தி’ என்ற பெயரோடு மீண்டும் கூடியது. மாண்டலின் யூ. ஸ்ரீனிவாஸ் வந்தார். விநாயக்ராமின் மைந்தர் செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்தார். அதன்பின் சங்கர் மகாதேவன் குரலோடு சேர்ந்தார். பம்பாயில் வளர்ந்தவர், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தின் வழிவந்தவர். பாலக்காட்டுக் கை விலகிய மேடைக்குப் பாலக்காட்டுக் குரல் வந்து சேர்ந்தது என்று மகிழலாம். குரல் வந்ததனால் நாம் மேலே கூறிய சொற்குறை ஓரளவு தீர்ந்தது. ஆனால் முற்காலத்து உரையாடல் இங்கே சற்றுத் தளர்ந்துவிட்டது. குரல் வந்தால் மற்றவை பக்கவாத்தியமாகிவிடும் என்பது நம் மேடையின் பழைய விதி. எவ்வளவு சமத்துவம் பேசினும் காது பாடுபவரிடமே செல்கிறது. ஒரு குறையைத் தீர்க்கப் போய் மற்றொரு சிறப்பை இழந்தது என்பதே நம் கருத்து. ஸ்ரீனிவாஸின் மாண்டலின் மட்டும் இதற்கு உட்படாமல் நின்றது. 2014 செப்டம்பரில் 45 வயதிலேயே அவர் மறைந்தது இந்தக் குழுவுக்கு ஏற்பட்ட ஈடற்ற இழப்பு.

2023இல் வெளிவந்த ‘திஸ் மொமெண்ட்’ என்ற தட்டுக்கு 2024 பிப்ரவரியில் கிராமி விருது கிடைத்தது. வயலினில் கணேஷ் ராஜகோபாலன். விருதுச் செய்தி வந்த வாரத்தில் நம் பகுதி நாளிதழ்களில் சங்கர் மகாதேவனின் பாலக்காட்டுத் தொடர்பு பெரிதாகப் பேசப்பட்டது. தட்டைக் கேட்டவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை. அதில் ‘மோகனம்’ என்றே பெயரிட்ட உருப்படி ஒன்று இருக்கிறது. நம் பண்டைய முல்லைப்பண்ணுக்கு இணையாக ஆய்வாளர் கூறும் இராகம் அது. முதல் தட்டின் ‘லோட்டஸ் ஃபீட்’ உருப்படியையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஏறத்தாழ ஐம்பது ஆண்டு இடைவெளியில் மெக்லாக்லினின் விரல்களில் அவசரம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது புலப்படும். அதே ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் ஜாகிர் உசேன் சான்பிரான்சிஸ்கோவில் காலமானார். 1975இன் ஐவரில் இராமநாதபுரம் இராகவன் முன்னரே மறைந்துவிட்டார். அவர் மிருதங்கம் வாசித்த அந்த ஒரே தட்டைச் சங்க நூலகத்துக்கு வாங்கி வைக்கும்படி செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். மூன்றாவது உருப்படியை இளைஞர்கள் பொறுமையோடு கடைசி வரை கேட்க வேண்டும். கடமும் மிருதங்கமும் தபலாவும் சேர்ந்து வாசிக்கும் இடத்தில் எது எந்தக் கருவி என்று பிரித்தறிவது முதல் முறை கேட்கும்போது கடினமாகவே இருக்கும்.